நாலாவது கையெழுத்து

அத்தியாயம் 11

சின்னவள் எட்டு நாளாக யாரையும் விளக்கை அணைக்க விடவில்லை.

டேப்லெட்டில் கரடிப் பாட்டுப் பார்த்துக்கொண்டிருந்த ஏழு வயதுக் குழந்தை. பாட்டு முடிந்ததும் தானாக ஓடிவந்த அடுத்த வீடியோவில் என்ன இருந்தது என்று போன வாரம் பார்த்தோம். அதைத் திரும்ப எழுத எனக்கும் மனமில்லை, படிக்க உங்களுக்கும் வேண்டாம். அன்றைக்கே அவள் அம்மா முடிவெடுத்துவிட்டாள். பழைய ரவுட்டர் வெளியே போக வேண்டும். பூட்டும் சாவியும் உள்ள ஒன்று வீட்டுக்குள் வர வேண்டும்.

அம்மாவுக்கு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. வருகிறவர்களின் கண்ணைப் பார்த்து எண் சொல்கிறவள். பதினாலு வருஷமாக அதே நாற்காலி என்பதால் தெருவில் அவளுக்குக் கண்ணாடிக்காரி என்றே பெயர் நிலைத்துவிட்டது. வீட்டுக்காரர் லிஃப்ட் மெக்கானிக். பூட்டு என்றதும் அவர் தாராளமாகத் தலையை ஆட்டினார். முரண்டு பிடித்தது பெரியவள்தான். பதினைந்து வயது. அவள் பயந்ததற்கு என்னை ஏன் பூட்டுகிறாய் என்று கேட்டுவிட்டு அறைக்கதவைச் சாத்திக்கொண்டாள்.

பெரியவள் இத்தனை நீளமாகப் பேசியதே அதிசயம். மூன்று மாதமாக வீட்டில் அவள் பேச்சு மூன்று வார்த்தைக்குள் அடங்கிவிட்டது. ஆமா, இல்லை, தெரியலை. வயசு அப்படி என்றார் வீட்டுக்காரர். கண்ணாடிக்காரிக்கு அந்தப் பதில் தொண்டையில் இறங்கவில்லை.

ஆகவே சனிக்கிழமை காலை, ரவுட்டர் வாங்கப் போகுமுன், ஒரு தாளில் மூன்று விதிகளை எழுதிச் சாப்பாட்டு மேசையில் வைத்தாள்.

ஒன்பது மணிக்கு மேல் வைஃபை எல்லாருக்கும் மூடப்படும், அப்பா அம்மா உட்பட. இணையத்தின் கெட்ட கதவுகள் எல்லாருக்கும் பூட்டப்படும். மூன்றாவது விதி பெரியவளுக்காகவே எழுதியது: யார் எங்கே போனார்கள், எதைத் தேடினார்கள் என்று இந்த வீட்டில் யாரும் யாரையும் பார்க்கக் கூடாது.

பெரியவள் மூன்றாவது விதியை மூன்று தடவை படித்தாள். பிறகு கையெழுத்துப் போட்டாள். சின்னவள் தன் பெயரை எழுதி, பெயர் தனியாக இருக்குமே என்று பக்கத்தில் ஒரு பூனையும் போட்டாள். கண்ணாடிக்காரியும் போட்டாள். நாலாவது இடம் வீட்டுக்காரருக்கு.

அவர் வாசலில் மோட்டார் சைக்கிள் சங்கிலிக்கு கிரீஸ் தடவிக்கொண்டிருந்தார். தாளை நீட்டியதும் இரண்டு கையையும் விரித்துக் காட்டினார். "கை பூரா கிரீஸ். அப்புறம் போடறேன், ஃபிரிட்ஜ்ல ஒட்டி வை."

நியாயம்தானே. ஒட்டிவைத்தாள்.

ரவுட்டர் கடையில் காதில் பேனா செருகிய விற்பனைப் பெண் ஒருத்தி வந்தாள். எத்தனை அறை, சுவர் கனமா, ரவுட்டரை எங்கே வைப்பீர்கள் என்று வரிசையாகக் கேட்டாள். அலமாரிக்குள் வைத்து மூடுகிற ஜாதியா நீங்கள் என்று கேட்டபோது கண்ணாடிக்காரி அசடு வழிந்தாள். பழையது அலமாரிக்குள்தான் இருந்தது, அதுவும் போர்வைகளுக்கு நடுவில்.

இரண்டு பெட்டிகள் மேசைக்கு வந்தன. முதல் பெட்டி நேரம் குறித்து நிறுத்தும், பெயர் சொன்ன தளத்தைத் தடுக்கும், அத்தோடு சரி. வீடியோவுக்குள் நல்லது கெட்டது பிரிக்க அதற்குத் தெரியாது. இரண்டாவது பெட்டிக்கு அது தெரியும். பிள்ளைகள் போனிலும் டேப்லெட்டிலும் அதனுடைய ஆப்பைப் போட்டுவிட்டால் வயசுக்கு ஏற்ற மாதிரி வடிகட்டிக் கொடுக்கும்.

"வீட்டுல இருக்கற ஒவ்வொரு போனுக்கும் பேர் வெச்சு ரெண்டு கூட்டமா பிரிச்சுடணும்" என்றாள் அந்தப் பெண். "பெரியவங்க ஒண்ணு, பிள்ளைங்க ஒண்ணு. பூட்டு, வடிகட்டறது எல்லாம் கூட்டத்துக்குக் கூட்டம் தனித்தனியா வெச்சுக்கலாம். அப்புறம் பிள்ளைங்க கூட்டத்துல இருக்கறவங்க என்ன தேடினாங்க, எத்தனை மணிக்குத் தேடினாங்கன்னு பெரியவங்க போனுக்கு லிஸ்ட்டா வந்துடும்."

கூட வந்திருந்த பெரியவள் கை இரண்டாவது பெட்டியின் மேல் இருந்தது. லிஸ்ட் என்ற சொல் காதில் விழுந்ததும் கையை எடுத்துக்கொண்டாள்.

கண்ணாடிக்காரி இரண்டு பெட்டியையும் மாறி மாறிப் பார்த்தாள். முதல் பெட்டியை எடுத்தால் சின்னவள் இன்னும் எத்தனை நாள் விளக்கைப் போட்டுக்கொண்டு தூங்குவாள்? இரண்டாவதை எடுத்தால் பெரியவளிடம் மிச்சமிருக்கும் மூன்று வார்த்தையும் போய்விடும். சிக்கலை அவிழ்த்தது பெரியவளேதான். அந்த லிஸ்ட்டை மட்டும் நிறுத்தி வைக்க முடியுமா என்று மெதுவாகக் கேட்டாள்.

முடியும், ஆப்பில் ஒரு பொத்தான், தட்டினால் நின்றுவிடும் என்றாள் விற்பனைப் பெண். சொல்லிவிட்டுப் பேனாவைக் காதிலிருந்து எடுத்து ரசீதுப் புத்தகத்தைத் திறந்தாள். "வாங்கும்போது எல்லாரும் நிறுத்தித்தான் வைப்போம்னு சொல்வாங்க."

அதில் ஒரு எச்சரிக்கை இருந்தது. வாங்குகிறவர்களுக்கு அது காதில் விழுவதில்லை.

வீட்டுக்குத் திரும்பும் பஸ்ஸில் பெட்டி பெரியவள் மடியில் இருந்தது. நாலு நிறுத்தம் தாண்டி அவள் வாயைத் திறந்தாள்.

"நிஜமாவே யாரும் பார்க்க மாட்டீங்களா?"

"பார்க்க மாட்டோம்."

"அப்பா?"

"அப்பாவுக்கும் சேர்த்துத்தான் நான் சொல்றேன்."

அவள் மெல்ல அம்மா தோளில் சாய்ந்துகொண்டாள். மூன்று மாதத்துக்கு அப்புறம் அந்தத் தோளுக்குக் கிடைத்த கனம் அது. கண்ணாடிக்காரி இறங்க வேண்டிய நிறுத்தத்தை விட்டு அடுத்ததில் இறங்கினாள். அடுத்தவர் வாக்கையும் சேர்த்துத் தன் வாயால் கொடுத்துவிட்டோம் என்பது அப்போது அவளுக்கு உறைக்கவில்லை. பதினேழு வருஷம் ஒரே வீட்டில் இருந்தால் அவர் வாய் வேறு தன் வாய் வேறு என்ற ஞாபகமே போய்விடுகிறது.

வீட்டுக்காரர் கையைக் கழுவிவிட்டுத் தயாராக இருந்தார். பெட்டியைப் பிரித்த வேகத்தைப் பார்க்க வேண்டும். விளக்கக் குறிப்பைப் புரட்டக்கூட இல்லை. ரவுட்டரைக் கூடத்து மூலையில் உயரமாக மாட்டினார், ஒயரைச் சுவரோரம் ஒழுங்காக ஓட்டினார், ஆப்பைத் தன் போனில் இறக்கிக்கொண்டார். நீ போய்ச் சாப்பிடு, கடைக்கு நேரமாச்சு, மிச்சத்தை நான் பார்த்துக்கறேன் என்றார்.

அந்த லிஸ்ட்டை நிறுத்தச் சொல்லி அவள் சமையலறையிலிருந்து குரல் கொடுத்தாள். சரி சரி என்று பதில் வந்தது. பெரியவள் போன், சின்னவள் டேப்லெட் இரண்டும் ஆயிற்று. கடைசியில் அவள் போனையும் கேட்டார். அவள் போனுக்கு எதற்கு அந்த ஆப் என்று கேட்டாள். அது போட்டால்தான் புது வைஃபை எடுக்கும் என்றார். மெஷின் விஷயத்தில் அவர் சொன்னால் வேதவாக்கு. கொடுத்துவிட்டுச் சாப்பிட்டாள்.

போன் திரும்பி வந்ததும், தட்டைக் கழுவிய ஈரக்கையோடு, கொஞ்ச நாளாக மனசுக்குள் குடைந்துகொண்டிருந்த ஒரு கேள்வியை அதில் எழுதிப் பார்த்தாள். என்ன பதில் வந்தது என்று முழுசாகப் படிக்க நேரமில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு ஓடினாள்.

கண்ணாடிக் கடையில் அன்று ஒரு பெரியவர். சுவரில் மாட்டிய எழுத்துகளை நாலாவது வரிவரை கடகடவென்று சொன்னார். அவர் கண்ணுக்கு இரண்டாவது வரியே எட்டாது என்று கண்ணாடிக்காரிக்குத் தெரியும். காத்திருந்தபோது மனப்பாடம் பண்ணியிருக்கிறார். அவள் சிரித்துக்கொண்டே அட்டையை மாற்றினாள். தெரியலைன்னா தெரியலைன்னு சொல்லுங்க, யாரும் திட்டப் போறதில்லை, அப்பத்தான் சரியான கண்ணாடி தர முடியும் என்றாள். பெரியவர் ஒண்ணுமே தெரியலை என்று ஒப்புக்கொண்டார். அவள் தொழிலே அவ்வளவுதான். தெரியவில்லை என்று கூச்சமில்லாமல் சொல்ல ஒரு நாற்காலி கொடுப்பது.

அன்று மத்தியானம் முழுவதும் அவளுக்கு மனசு லேசாக இருந்தது. தன் பெண்ணுக்கும் அப்படி ஒரு நாற்காலி போட்டுக் கொடுத்துவிட்டோம் என்று நினைத்துக்கொண்டாள். பாவம்.

ஆறு மணிக்கு வீட்டுக்கு வந்தபோது எல்லாரும் மேசையைச் சுற்றி இருந்தார்கள். வீட்டுக்காரரே டீ போட்டிருந்தார். சின்னவள் ரொட்டியைக் கரடி வடிவத்தில் கடித்து எடுக்க முயன்றுகொண்டிருந்தாள். புது ரவுட்டர் கூடத்து மூலையில் பச்சை விளக்கோடு சாதுவாக உட்கார்ந்திருந்தது.

வீட்டுக்காரர் பெரியவளுக்கு முன்னால் டீயை வைத்தார். அவள் தலையைத் தடவினார். இதைச் சொல்லியே ஆக வேண்டும், அவர் மிகப் பிரியமாகத்தான் சொன்னார்.

"திக்குறதுக்கெல்லாம் எதுக்குடா கண்ணு பயிற்சி, டாக்டர்னு தேடிக்கிட்டு. மூச்சை இழுத்துவிட்டு மெதுவா பேசினா எல்லாம் சரியாப் போயிடும்."

கண்ணாடிக்காரிக்கு முதலில் புரியவில்லை. யார் திக்குகிறார்கள்? இந்த வீட்டில் யாரும் திக்குவதில்லையே.

பெரியவள் முகத்தில் ரத்தம் ஏறி, பிறகு மொத்தமாக இறங்கியது. அவள் அப்பாவைப் பார்க்கவில்லை. அம்மாவைத்தான் பார்த்தாள்.

"நீ... நீ... நீ..."

சொல் வரவில்லை. உதடு அந்த எழுத்திலேயே மாட்டிக்கொண்டு நின்றது. கண்ணை இறுக்க மூடிக்கொண்டு தள்ளினாள்.

"நீ சொன்னே. அப்பாவுக்கும் சேர்த்து சொன்னே."

மூன்று மாதத்து மௌனத்துக்குக் காரணம் வயசு இல்லை என்று கண்ணாடிக்காரிக்கு அந்த நொடியில் தெரிந்தது. தினம் பத்துப் பேர் கண்ணுக்குள் வெளிச்சம் அடித்துப் பார்க்கிறவளுக்கு, எதிர் நாற்காலியில் இருந்த பெண் தெரியவில்லை. நான் பார்க்கலடி என்று சொல்ல வாயெடுத்தாள். அதைச் சொன்னால் பார்த்தது யார் என்று பிள்ளைகள் முன்னால் அப்பாவைக் கை காட்ட வேண்டும். அவள் தயங்கியது ஒரு மூச்சு நேரம்தான். அந்த ஒரு மூச்சே பெரியவளுக்குப் போதுமான பதிலாகிவிட்டது. எழுந்து போய் அறைக்கதவைச் சாத்திக்கொண்டாள். போன வாரம் சாத்தியதைவிட மெதுவாக.

சின்னவள் ரொட்டியைக் கீழே வைத்துவிட்டு, அக்கா ஏன் பேசாமல் நின்றாள் என்று கேட்டாள்.

கண்ணாடிக்காரி சமையலறைக்குப் போனாள். வீட்டுக்காரர் தானாகவே பின்னால் வந்தார்.

"காட்டுங்க" என்றாள்.

அவர் மறைக்கவில்லை. ஆப்பைத் திறந்து, போனைத் தன் கையிலேயே பிடித்துக்கொண்டு விரலால் தள்ளித் தள்ளிக் காட்டினார். பொத்தானை அவர் நிறுத்தவே இல்லை. பிற்பகல் இரண்டு பத்துக்குப் பெரியவள் தேடியிருக்கிறாள்: பேச்சு ஏன் திக்குகிறது. இரண்டு பதினாலு: வகுப்பில் எழுந்து வாசிக்கும்போது மட்டும் திக்கினால் என்ன செய்வது. இரண்டு முப்பத்தொன்று: பேச்சுப் பயிற்சி கொடுப்பவர்கள். மூன்று மணிக்குக் கடைசியாக ஒன்று: அம்மாவுக்குத் தெரியாமல் இதைச் சரிசெய்ய முடியுமா.

யாரும் பார்க்க மாட்டார்கள் என்று நம்பி, வீட்டில் யாரிடமும் சொல்லாததை முதல் தடவையாக அந்தப் பெண் எழுதியிருக்கிறாள். அதைத்தான் அப்பா டீக்கு நடுவில் எடுத்துப் போட்டார்.

"நிறுத்தச் சொன்னேனே" என்றாள் கண்ணாடிக்காரி.

வீட்டுக்காரர் குரலை உயர்த்தவில்லை. லிஃப்டுகளின் மோட்டார் அறையில் ஒரு சின்னப் பெட்டி இருக்கும், ஒவ்வொரு கதவு திறந்ததையும் மூடியதையும் அது எழுதி வைக்கும். லிஃப்ட் நடுவழியில் நின்றால் உள்ளே மாட்டிக்கொண்டவர்களை அவர் எதுவும் கேட்பதில்லை. பெட்டியைத்தான் கேட்பார். மனுஷன் பொய் சொல்வான், பெட்டி சொல்லாது என்பது அவர் இருபது வருஷமாகச் சொல்கிற வசனம். இப்போதும் அதையே சொன்னார். சொல்லிவிட்டு, கொஞ்சம் தணிந்து, இன்னொன்றும் சொன்னார்.

"நான் பார்த்ததாலதானே தெரிஞ்சுது? இல்லேன்னா இன்னும் எத்தனை மாசம் உள்ளேயே வெச்சுப் புழுங்கியிருப்பா?"

அதுதான் கோபத்தை இன்னும் கிளறியது. தப்பு செய்தவரிடம் பாதி நியாயமும் இருந்துவிட்டால் எங்கே போய் முட்டிக்கொள்வது.

அவர் விரல் இன்னும் தள்ளிக்கொண்டிருந்தது. பெரியவள் தேடியதற்கு முந்தைய வரி ஒன்று கண்ணில் பட்டது. அவள் அவர் மணிக்கட்டைப் பிடித்து நிறுத்தினாள்.

ஒன்று நாற்பத்திரண்டு. பதினைந்து வயதுப் பெண் பேசுவதை ஏன் நிறுத்திவிடுகிறாள். நான் எங்கே தப்பு செய்தேன்.

ஈரக்கையோடு அவள் எழுதியது.

குளியலறைக் கதவைத் தாழ்போட்டுவிட்டு, உள்ளே ஏற்கெனவே ஆள் இருப்பதைப் பார்த்த மாதிரி இருந்தது. பட்டியலை இன்னும் மேலே தள்ளச் சொன்னாள். பிள்ளைகள் கூட்டம் என்ற தலைப்புக்குக் கீழே மூன்று பெயர்கள் இருந்தன. பெரியவள். சின்னவள். மூன்றாவதாக அவள்.

"நான் ஏன் இதுல இருக்கேன்?"

"எல்லாரும் ஒரே இடத்துல இருந்தா பார்க்க வசதின்னு..."

"இதைப் படிச்சீங்களா?"

அவர் பார்வை டீப் பாத்திரத்துக்குப் போனது. படித்திருக்கிறார். மத்தியானமே படித்துவிட்டு, ஒரு வார்த்தை சொல்லாமல், சாயங்காலம் டீ போட்டு வைத்திருக்கிறார். வேலியே பயிரை மேயும் என்று கேள்விப்பட்டிருக்கிறாள். வேலி மேய்ந்துவிட்டு டீயும் போடும் என்று இன்றைக்குத்தான் பார்த்தாள். பதினேழு வருஷத்தில் அவள் அழுதால் அவர் எதிரில் அழுதிருக்கிறாள். இன்றைக்கு அழுகை வரவில்லை. வந்தால் அதற்கும் மணி போட்டு எழுதி வைத்துவிடுவார் என்று ஒரு கிறுக்கு எண்ணம் வந்தது.

அவள் ஃபிரிட்ஜ் கதவிலிருந்த தாளைப் பிரித்து எடுத்தாள். மூன்று கையெழுத்து, ஒரு பூனை, ஒரு காலி இடம். தாளில் கையெழுத்துப் போட்ட அதே மூன்று பேர்தான் அவர் போன் பட்டியலிலும் இருந்தார்கள்.

தாளை மேசைமேல் வைத்துப் பேனாவையும் வைத்தாள். சின்னவள் தட்டை எடுத்துக்கொண்டு நகர்ந்து இடம் விட்டாள்.

"இதுல போடுங்க. போட்டுட்டு உங்க போனையும் அந்தக் கூட்டத்துல சேர்த்துடுங்க. நாங்க மூணு பேரும் இருக்கற இடத்துல நீங்களும் வாங்க."

"என் போனா?" வீட்டுக்காரர் சிரிக்கப் பார்த்தார். "அது எதுக்கு?"

கேட்டுக்கொண்டே போனைச் சட்டைப் பையில் போட்டார். போட்ட கையை எடுக்கவில்லை. பையின் மேல் அப்படியே பொத்திக்கொண்டு நின்றார். கண்ணாடிக்காரி அந்தக் கையைப் பார்த்தாள். பெட்டி பொய் சொல்லாது என்று இருபது வருஷமாகச் சொன்ன மனுஷன், தன் பெட்டியை மூடிக்கொண்டு நிற்கிறார். லிஸ்ட் அவளைச் சுட்டதைவிட இது அதிகமாகச் சுட்டது. அந்தப் பைக்குள் என்ன இருக்கிறது?

"கையெழுத்துதானே, காலையில போடறேன்" என்றார்.

அறைக்கதவு எப்போது திறந்தது என்று யாருக்கும் தெரியாது. பெரியவள் நிலைப்படியில் நின்றுகொண்டிருந்தாள். அவள் கண் தாளுக்குப் போனது, காலியாக இருந்த நாலாவது இடத்துக்குப் போனது, அப்பா சட்டைப் பையில் வந்து நின்றது. யார் பார்த்தார்கள் என்று அம்மா சொல்ல வேண்டிய அவசியமே இல்லாமல் போய்விட்டது.

அவள் வாயைத் திறந்தாள். முதல் எழுத்திலேயே மாட்டிக்கொண்டது. வீட்டுக்காரர் அவளுக்காகச் சொல்லி முடிக்கப் போனார். கண்ணாடிக்காரி அவரைப் பார்த்த பார்வையில் வாயை மூடிக்கொண்டார். மூன்று பேரும் காத்திருந்தார்கள், சின்னவள்கூட.

"இ... இ... இப்ப கையில கிரீஸ் இல்லையேப்பா."

பையின் மேலிருந்த கை அசையவில்லை.